வளவில் பூங்கொடி வளர்ப்போம்

வீட்டு வளவில் கத்தரி, மிளகாய், வாழை என்பவற்றுக்கு இடம் ஒதுக்கும் நாம், பூங்கொடிகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இது சரியான கணிப்பன்று. கொடி நிலத்தில் பிடிக்கும் இடம் ஒரு முழந்தான். மேலே அது தரும் நிழலோ ஓர் அறையின் அளவு. தகரக் கூரை வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு, மாலை வெயில் விழும் மேற்குப் பக்கத்தில் ஒரு கொடிப்பந்தல் இருந்தால் வீட்டினுள் வெக்கை குறையும். நல்ல கொடியைத் தெரிந்தெடுத்தால் பூவும் பழமும் சிறு வருமானமும் கிடைக்கும்.

கொடி ஏறும் விதம்

பந்தல் போடுமுன் கொடி எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிய வேண்டும். சங்குப்பூ தண்டினாலேயே சுற்றி ஏறும். அதற்கு மெல்லிய தடியோ கயிறோ போதும். கொடித்தோடை பற்றுக்கம்பிகளால் பிடித்து ஏறும். அதற்குக் கம்பி அல்லது வலை தேவை. கடதாசிப் பூவுக்குப் பற்றும் உறுப்பு இல்லை. முள்ளால் கொழுவிச் சாய்ந்து நிற்கும். அதை நாமே தூணில் கட்டிவிட வேண்டும். சீமெந்துத் தூணுக்குச் செலவிட வேண்டியதில்லை. பூவரசு, சீமைக் கிளுவைக் கதியால்கள் வேர்விட்டு உயிர்த்தூண்களாக நிற்கும். அவற்றின் குழை பசளையாகவும் உதவும். ஆனால் மா, தோடை போன்ற பயன்தரு மரங்களில் கொடியை ஏறவிடலாகாது. இலைக்கு வெளிச்சம் கிடைக்காமல் அம்மரம் நலியும்.

நடுதல்

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாரி மழை தொடங்கும் ஐப்பசி மாதமே நடுவதற்கு ஏற்ற காலம். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றரை அடியாகக் குழி வெட்டி, மேல்மண்ணுடன் உக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் கலந்து நிரப்புங்கள். வெள்ளம் தேங்கும் வளவானால் மண்ணை மேடாக்கி நடுவது அவசியம். கோடையில் அடியில் சருகு பரப்பினால் ஈரம் காக்கப்படும். யூரியாவை அள்ளிப் போடுவதால் இலை மிகும், பூ குறையும். அத்துடன் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மிகையான பசளை கரைந்து, நாம் குடிக்கும் கிணற்றையே சென்றடைகிறது.

மூன்று கொடிகள்

முல்லை: பதியம் வைத்து அல்லது தண்டு வெட்டி நடலாம். பூக்கள் புதுத் துளிர்களிலேயே வருகின்றன. ஆகவே மழை ஓய்ந்தபின், தை மாத அளவில், முதிர்ந்து சிக்குண்ட கிளைகளைத் துணிந்து வெட்டிவிட்டு எருவிட வேண்டும். வெட்டாத கொடி ஆண்டுதோறும் பெருக்கும், பூவோ அருகும். விற்பதானால் மொட்டு விரியுமுன் கொய்ய வேண்டும். மாலை கட்டத் தெரிந்த பெண்களுக்கு இது கைச்செலவுக்கு உதவும்.

சங்குப்பூ: விதையை ஓரிரவு நீரில் ஊறவிட்டு ஊன்றினால் எளிதாக முளைக்கும். இது அவரை இனத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் வாழும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருவதால் மண் வளம் பெறும். வெட்டிய கொடி ஆட்டுக்கு நல்ல தீனி.

கொடித்தோடை: "பூ நிறைய, காய் இல்லை" என்பது பலரின் முறைப்பாடு. மஞ்சள் பழ இனம் பொதுவாகத் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. எனவே வெவ்வேறு விதைகளில் இருந்து வந்த இரண்டு கொடிகளாவது வேண்டும். அதன் பூ நண்பகலை அண்டி விரியும். மரம் துளைத்து வாழும் பெரிய கருவண்டே அதற்குச் சிறந்த துணைவன். வளவின் மூலையில் ஒரு காய்ந்த மரக்குற்றியை விட்டுவைத்தால் அது குடியிருக்கும். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளித்தால் காயையே இழப்போம். வண்டு வராவிடின், பிற்பகலில் ஒரு கொடியின் பூவிலுள்ள மகரந்தத்தை விரலில் எடுத்து, மற்றக் கொடியின் பூவின் சூலகமுடிகளில் தடவிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை

கார்த்திகைப் பூ அழகானது. மாரியில் வேலிகளில் தானாகவே பூக்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு மிகுதியாக உண்டு. கோடையில் கொடி மடிந்தபின் கிழங்கு மண்ணுள் கிடக்கும். வற்றாளங்கிழங்கு என்று தவறாக எண்ணி அதை உண்டவர்கள் இந்நாட்டில் இறந்திருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. உண்டு சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அவை தணிந்தது போலத் தோன்றினாலும் ஆபத்து நீங்கியதாகாது. உள்ளுறுப்புகள் பின்னரே பழுதடையும். ஆகவே உண்டது தெரிந்தவுடனேயே, அறிகுறிகளுக்குக் காத்திராமல், மீதிக் கிழங்குடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இக்கொடியை வளர்க்காதிருப்பதே நலம். வேலியில் ஏற்கனவே நின்றால், அது பூக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்; கொடி மடியுமுன் அவ்விடத்தில் தடி நட்டு அடையாளமிடுங்கள். அதற்கருகில் வற்றாளையோ வேறு கிழங்கோ ஒருபோதும் நடவேண்டாம்.

வரும் ஐப்பசிக்கு முன் ஒரு குழியை வெட்டி, இரண்டு கதியாலை நட்டு வையுங்கள். மிகுதியை மழை பார்த்துக்கொள்ளும்.