ஏட்டுச் சட்டமா, நாட்டு வழக்கமா?

கூடலூரில் புறப்பட்டு, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியே தேனி வரை ஒருமுறை போய் வாருங்கள், தோழர்களே! டீக்கடையில் பென்னிகுயிக் படம். உழவர் வீட்டுச் சுவரிலும் அதே படம். தேனிப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர். தை பிறந்தால் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 1895இல் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பொறியாளருக்குச் சேற்றில் நிற்பவன் செலுத்தும் நன்றி அது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு. அந்த நன்றியில் மிகை ஏதுமில்லை.

இன்னொரு வெள்ளையரும் உண்டு. அவருக்குப் படமில்லை, சிலையில்லை. பெயரைச் சொன்னால், "யாரப்பா அது?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்தான் ஜே. எச். நெல்சன்.

சென்னை மாகாணத்தின் சிவில் அதிகாரி அவர். அரசின் ஆணைப்படி, மதுரைச் சீமையைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1868இல் வெளியிட்டார். 1996இல் தேனி மாவட்டம் பிரியும் வரை இந்தப் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது அல்லவா? ஆக, பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு 27 ஆண்டுகள் முன்பே இச்சீமையின் மலையையும் ஆற்றையும், பாளையக்காரர் வரலாற்றையும், மக்களின் பழக்கவழக்கங்களையும் எழுத்தில் ஏற்றியவர் அவர்.

குறையே இல்லாத நூலா? அப்படிச் சொல்ல மாட்டோம். சாதிகளைப் பற்றி எழுதும்போது, ஆள வந்தவனின் ஏளனம் அதில் தலைகாட்டத்தான் செய்கிறது. அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. நாம் அவரை நினைக்க வேண்டியது, பிற்பாடு அவர் எழுப்பிய ஒரு கேள்விக்காக!

அந்தக் கேள்வியின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. 1783இல் அங்கே நீதிபதியாக வந்த வில்லியம் ஜோன்ஸ் வடமொழி கற்றார். அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த மனு நூல் 1794இல் வெளிவந்தது. 1810இல் கோல்புரூக், மிதாட்சரத்தின் சொத்துப் பங்கீட்டுப் பகுதியைப் பெயர்த்தார். இருவரும் பெரும் அறிஞர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் விளைந்தது என்ன? அந்த ஏடுகளே 'இந்துச் சட்டம்' ஆயின. கங்கைக் கரையிலிருந்து கன்னியாகுமரி வரை அதே ஏடு, அதே தீர்ப்பு!

இதற்கிடையே தென்னாட்டில் வேறொரு உண்மை வெளிப்பட்டது. தென்மொழிகள் வடமொழியின் வயிற்றில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் அதை விரிவாக நிலைநாட்டினார். மொழி வேறு என்று ஆயிற்று. சட்டம் மட்டும் வடமொழி ஏட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது!

இங்கேதான் நெல்சன் குறுக்கிட்டார். அவரே நீதித்துறையில் பணியாற்றியவர். சென்னை உயர்நீதிமன்றம் நடத்தும் இந்துச் சட்டத்தைக் குறித்து 1877இல் ஒரு நூல் எழுதினார். மனு என்றும் மிதாட்சரம் என்றும் காதால் கேட்டும் அறியாத தமிழ் மக்களை அந்த ஏடுகளைக் கொண்டு ஆள்வது எப்படி நீதியாகும்? அவரவர் வழக்கமே அவரவர்க்குச் சட்டம் அல்லவா? அவர் வாதத்தின் சாரம் இதுதான்.

உழைப்பவன் வீட்டு வழக்கம் என்ன? கணவனை இழந்தவள் அறுத்துக் கட்டிக்கொள்வாள். ஒத்துவராத மணத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு வேறு வாழ்வு தேடிக்கொள்வார்கள். பல குலங்களில் இது இயல்பாக நடந்தது. மனுவின் ஏடோ கைம்பெண்ணுக்கு மறுமணம் கூடாது என்கிறது!

"வழக்கத்துக்கு நீதிமன்றம் இடமே தரவில்லையா?" என்று கேட்கலாம். தந்தது. நெல்சனின் பெருநூல் வந்த அதே 1868இல், இராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறியது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், எழுதிய ஏட்டைவிட வலியது என்றது. நல்ல சொல்தான்! ஆனால் மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? ஏட்டைக் காட்டுகிறவன் சாட்சி தேட வேண்டாம். வழக்கத்தைச் சொல்கிறவன்தான் சாட்சி தேட வேண்டும், பழமை காட்ட வேண்டும், வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டும். ஜமீனுக்கு இலண்டன் வரை போக வசதி உண்டு. களத்துமேட்டுக் கூலிக்காரனுக்கு?

நெல்சனின் கேள்வி மேலிடத்தைச் சுட்டது. உயர்நீதிமன்ற நீதிபதி இன்னஸ், ஆளுநருக்கு எழுதும் மடலாகவே 1882இல் ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார். நெல்சன் அடங்கவில்லை. 1887இல் மீண்டும் எழுதினார்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள்! வெள்ளையர் போன பின்பும் அந்த ஏட்டின் நிழல் போகவில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாது என்றது. சாத்திரச் சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை என்பதே காரணம். ஊரறிய மாலை மாற்றி, குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்றவள் மனைவி அல்லளாம்! 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது. அதன் பிறகே அத்தகைய மணங்கள், முன்பு நடந்தவையும் சேர்த்து, சட்டப்படி செல்லுபடியாயின. நெல்சன் கேள்வி எழுப்பி அப்போது 90 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெள்ளையர் எழுதியதெல்லாம் வேதம் என்பாரும் உண்டு. எல்லாம் சூழ்ச்சி என்பாரும் உண்டு. இரண்டும் வேண்டாம், தோழர்களே. ஜோன்சும் அறிஞர், நெல்சனும் அறிஞர். ஒருவர் ஏட்டைப் பார்த்தார். மற்றவர் ஏட்டுக்கு வெளியே இருந்த மக்களையும் பார்த்தார். எங்கிருந்து வந்தார் என்பதைவிட, யாரைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள்.

இனி அந்த வேலை நம்முடையது. உங்கள் ஊர்ப் பாட்டியிடம் உட்காருங்கள். பெண்ணுக்கு என்ன பங்கு கொடுத்தார்கள், வாய்க்கால் முறையை யார் வைத்தார்கள், அறுத்துக் கட்டியவளை ஊர் எப்படி நடத்தியது என்று கேளுங்கள். நல்லதும் கெட்டதும் கேட்டபடியே எழுதுங்கள். படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாளை ஒருவன் ஏட்டைக் காட்டி, "இதுதான் உன் வழக்கம்" என்று சொல்ல வந்தால், எடுத்துக் காட்ட நம் கையிலும் ஓர் ஏடு இருக்கட்டும்!