தோட்டத்துக் கேமரா இரவில் மட்டும் ஏன் அணைகிறது?

பகலில் எல்லாக் கேமராக்களும் தெளிவாகப் படம் காட்டுகின்றன. இரவு ஏழரை மணி தாண்டியதும் அவற்றில் ஒன்று அணைந்துவிடுகிறது. பொழுது விடிந்ததும் தானாகவே உயிர் பெறுகிறது. பொருத்தியவரை அழைத்தால் அவர் ஈப்போவிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ கேமரன் மலைக்கு ஏறி வரவேண்டும். அவர் வந்து சேரும் நேரம் நண்பகல். அப்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. "கோளாறு எதுவும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார். அன்றிரவு மீண்டும் அதே கதை.

கோயிலிலோ பொது மண்டபத்திலோ கேமராவும் வைஃபையும் பொருத்திய நிர்வாகத்தினர் பலருக்கு இந்தத் தலைவலி தெரிந்ததுதான். குறை பெரும்பாலும் கேமராவில் இருப்பதில்லை. கேமராவுக்கு மின்சாரம் ஊட்டும் ஒரு சிறிய பெட்டியில் இருக்கிறது. கடையில் அதை 'பிஓஇ சுவிட்ச்' என்பார்கள். 'பவர் ஓவர் ஈதர்நெட்' என்பதன் சுருக்கம் அது. விளக்கைப் போடும் சுவிட்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் வலையமைப்புப் பெட்டி. இதிலிருந்து புறப்படும் ஒரே கேபிளில் தகவலும் போகிறது, மின்சாரமும் போகிறது. கேமரா இருக்கும் இடத்தில் தனியாக ஒரு மின் இணைப்பு இழுக்க வேண்டியதில்லை.

இது புதுமை போலத் தோன்றினாலும் பழைய தோட்ட ஆபிஸ் தொலைபேசியை நினைவு வைத்திருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். தோட்டத்தில் மின்சாரம் போனாலும் அந்தத் தொலைபேசி மட்டும் வேலை செய்யும். அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து பேச்சுக் கம்பி வழியாகவே வந்தது. அந்த பேட்டரி 48 வோல்ட். இன்றைய பிஓஇ பெட்டி அனுப்பும் மின்சாரமும் ஏறக்குறைய அதே 48 வோல்ட்தான். இதற்கான பொதுத் தரம் 2003ஆம் ஆண்டு வந்தது. ஒரு துளைக்கு 15.4 வாட் என்று அதில் வரையறுத்தார்கள். 2009இல் அது 30 வாட்டாகவும், 2018இல் 90 வாட் வரையிலும் உயர்ந்தது.

தரம் பார்த்து வாங்குவதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. தரத்துக்கு உட்பட்ட பெட்டி, கேபிளின் மறுமுனையில் இருப்பது யார் என்று விசாரித்த பிறகே மின்சாரத்தைத் திறக்கும். மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றை அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் அளவுள்ள அடையாளத் தடை இருக்கிறதா என்று சோதிக்கும். இருந்தால் மட்டுமே மின்சாரம் போகும். தவறுதலாக மடிக்கணினியைச் செருகினாலும் அதற்கு ஆபத்தில்லை. மலிவு விலையில் 24 வோல்ட், 'பேசிவ் பிஓஇ' என்று விற்கும் சில கருவிகள் இப்படி எதையும் கேட்பதில்லை. செருகியவுடன் மின்சாரத்தைக் கொட்டும். இந்த இரண்டு வகையையும் கலந்து மாட்டக்கூடாது. 2023இல் மலேசியாவில் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் தட்டும் கேபிள் வழியாகத்தான் மின்சாரம் பெறுகிறது. ஆனால் அது அந்நிறுவனத்தின் சொந்த முறை. அதோடு வரும் கருவியில்தான் செருகவேண்டும், பிஓஇ சுவிட்சில் அல்ல.

இனி இரவில் அணையும் கேமராவுக்கு வருவோம்.

எட்டுத் துளை கொண்ட பெட்டி என்றால் எட்டுக் கருவிகளை மாட்டலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது பாதி உண்மை. எட்டுத் துளைக்கும் சேர்த்து அந்தப் பெட்டியால் மொத்தம் எத்தனை வாட் கொடுக்க முடியும் என்பதே கேள்வி. அட்டைப் பெட்டியின் ஓரத்தில் 'பிஓஇ பட்ஜெட்' என்று சிறிய எழுத்தில் அது போட்டிருக்கும். 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோயிலில் நான்கு சாதாரணக் கேமராக்கள், இரண்டு வைஃபை கருவிகள், வாசலில் சுற்றித் திரும்பும் கேமரா ஒன்று. பகலில் சாதாரணக் கேமரா ஒவ்வொன்றும் 4 வாட் எடுத்தால் 16. வைஃபை தலா 12 என்றால் 24. சுழலும் கேமராவுக்கு 10. மொத்தம் 50 வாட். பெட்டி தாங்குகிறது.

இருட்டியதும் கேமராக்களில் உள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்துக்கும் மின்சாரம் வேண்டும். 4 வாட் எடுத்த கேமரா இப்போது 7 வாட் கேட்கிறது. சுழலும் கேமரா 20 கேட்கிறது. 28, 24, 20 என்று கூட்டினால் 72 வாட். பெட்டியில் இருப்பதோ 60. ஆகவே பெட்டி ஒரு துளையை அணைத்துவிடுகிறது. எந்தத் துளையை? முன்னுரிமை எதுவும் குறித்து வைக்காவிட்டால் பெரும்பாலான பெட்டிகள் எண் வரிசையில் கடைசியாக இருப்பதைத்தான் கைவிடும். எல்லாம் பொருத்தி முடித்து, கடைசித் துளையில் செருகியது உண்டியல் கேமராவாக இருந்தால், திருடன் வரும் நேரம் பார்த்து அது கண்ணை மூடிக்கொள்கிறது!

சில பெட்டிகளின் கணக்கு இன்னும் விசித்திரமானது. கருவி உண்மையில் எத்தனை வாட் எடுக்கிறது என்று பார்க்காமல், அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று பார்த்து 15.4 வாட் முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடும். அப்படிப்பட்ட 60 வாட் பெட்டி மூன்று கருவிகளோடு கை விரித்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கியவர் ஐந்து துளை பழுது என்று சண்டைக்குப் போவார்.

வாங்குவதற்கு முன்பே இரவுக் கணக்கைப் போட்டு, அதற்கு மேல் கால்பங்கு கூட்டிக்கொள்வதுதான் முறை. மேலே சொன்ன கோயிலுக்கு 72 என்றால் 90 வாட்டுக்குக் குறையாத பெட்டி வேண்டும். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் வேறு வழியும் உண்டு. கேமரன் மலையில் இரவில் மூடுபனி இறங்கும். கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அந்தப் பனியில் பட்டுத் திரும்பிவந்து படத்தையே வெள்ளையாக்கிவிடும். கேமராவை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு சாதாரண எல்இடி விளக்கை எரியவிட்டு, அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டால் படமும் தெளியும், பெட்டியின் சுமையும் குறையும்.

அடுத்தது தூரம். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. பட்டணத்துக் கடைவீட்டில் இது ஒரு பிரச்சினையே அல்ல. தேயிலைத் தோட்டத்தின் கதை வேறு. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்தத் தோட்டங்கள் சரிவுகளை ஒட்டியே எழுந்தன. தொழிற்சாலை ஒரு மடிப்பில், லயத்து வீடுகள் இன்னொரு மடிப்பில், கோயில் ஒரு மேட்டில் என்று இருக்கும். கண்ணுக்கு எதிரே தெரியும் கோயிலுக்குப் பாதை வளைவோடு கேபிள் இழுத்தால் 200 மீட்டர் ஓடிவிடும்.

100 மீட்டருக்குள்ளேயே மின்சாரம் தேய்கிறது. பெட்டியிலிருந்து 15.4 வாட் புறப்பட்டால் மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட் என்றுதான் 2003ஆம் ஆண்டுத் தரமே சொல்கிறது. மீதி கம்பியில் வெப்பமாகப் போய்விடுகிறது. இது நல்ல செம்புக் கம்பியின் கணக்கு. சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளும் கிடைக்கிறது. அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சுருள் கையில் தூக்கினால் லேசாக இருக்கும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஒப்பந்தத் தொகையைக் குறைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் கேபிளில்தான் கை வைக்கிறார்கள். சுவருக்குள் போய்விட்ட பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

சில பெட்டிகளில் '250 மீட்டர்' என்று எழுதிய ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் தூரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் வேகம் 10 மெகாபிட்டாகச் சுருங்கிவிடும். ஒரு கேமராவுக்கு அது போதும். பிள்ளைகள் பாடம் படிக்கும் வைஃபைக்குப் போதாது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோருக்கு அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்குச் சரியான வழி கண்ணாடியிழைக் கேபிள். அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மறுமுனையில் இன்னொரு பிஓஇ பெட்டியும் மின் இணைப்பும் வேண்டும். செலவு கூடும். ஆனால் மின்சாரத்தைக் கடத்தாத அந்தக் குணம்தான் அதன் பெரிய பலம். மலேசியா இடியும் மின்னலும் மிகுந்த நாடு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிளைத் தொங்கவிட்டால், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் அதிர்ச்சிகூட அதன் வழியே ஓடிவந்து இரண்டு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடும். ஒரே மழைநாளில் பெட்டி, பதிவுக் கருவி, கேமராக்கள் எல்லாம் போய்விட்டன என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கண்ணாடியிழையிலும் தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்த்த வகை உண்டு. அந்த இரும்பைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தி, நிலத்தொடர்பு கொடுத்துவிட வேண்டும். செம்புக் கேபிளைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் இரு முனையிலும் மின்னதிர்ச்சித் தடுப்பான் வைக்கலாம். ஆனால் சரியான நிலத்தொடர்பு இல்லாத தடுப்பான் வெறும் அலங்காரம்தான். பள்ளத்தாக்கின் அக்கரைக்குப் போகவேண்டும் என்றால், நேர்ப்பார்வை இருக்கும் பட்சத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா இணைப்பு பொருந்தும். பனிமூட்டம் அதை அதிகம் பாதிக்காது.

பெட்டியை எங்கே வைப்பது? கூரைக்கு அடியில், ஈரம் படாத சுவரில், ஆள் உயரத்துக்கு மேல். கேபிள்கள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒவ்வொன்றும் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி வரும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை போதும்.

இனி நிர்வாகம். மலிவான பெட்டிகளில் அமைப்பதற்கு எதுவும் இருக்காது. 'மேனேஜ்ட்' என்று சொல்லப்படும் வகைக்கு விலை கூடுதல்தான். ஆனால் பொருத்தியவர் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்துக்கு அந்தக் கூடுதல் விலை வீண் அல்ல. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பெட்டியின் பக்கத்தைத் திறந்தால் எந்தத் துளை எத்தனை வாட் எடுக்கிறது என்று தெரியும். இரவு எட்டு மணிக்கு அதை ஒருமுறை பார்த்தால் மேலே சொன்ன மர்மம் ஐந்து நிமிடத்தில் விடுபட்டுவிடும். உண்டியல் கேமராவுக்கு முதல் முன்னுரிமை, வைஃபைக்குக் கடைசி என்று அங்கேயே குறிக்கலாம். உறைந்துபோன கேமராவை ஏணி வைத்து ஏறாமலேயே, அந்தத் துளையை மட்டும் அணைத்துப் போட்டு எழுப்பலாம். இரவு பதினொன்றுக்கு மண்டப வைஃபை தானாக அணையும்படியும் செய்யலாம். பெற்றோர் இதற்கு நன்றி சொல்வார்கள், பிள்ளைகள் சொல்லமாட்டார்கள்.

கேமராக்களை ஒரு தனிப் பிரிவாகவும், பொது வைஃபையை இன்னொரு பிரிவாகவும் பிரித்து வைக்கும் வசதியும் இதில் உண்டு. 'வீலான்' என்பது அதன் பெயர். பிரிக்காவிட்டால் மண்டபத்தில் வைஃபை பிடித்த எவரும் கேமராவின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். கேமராவின் பார்வையும் உண்டியல், வாசல், வண்டி நிறுத்துமிடம் என்பதோடு நிற்கவேண்டும். லயத்து வீட்டு வாசலையும் குழாயடியையும் படம் பிடிக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது கடவுச்சொல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருக்கும் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களும் பதிவுக் கருவிகளும் உலகெங்கும் இலட்சக்கணக்கில் இருந்தன. 2016இல் 'மிராய்' என்ற நச்சுநிரல் அவற்றுக்குள் புகுந்து, அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே முடங்கின. ஒரு மலைத்தோட்டத்துக் கேமராவும் அப்படியொரு படையில் ஆளாகச் சேர்க்கப்படலாம்.

மாற்றிய கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பொருத்தியவரிடம் மட்டும் இருந்தால், அவர் தொழிலை விட்டுவிட்டாலோ தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாலோ, நன்கொடைப் பணத்தில் வாங்கிய பொருள் கோயிலுடையதாக இருந்தும் பயனில்லை. பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கும். எந்தத் துளையில் எந்தக் கேமரா, கேபிள் எந்த வழியாகப் போகிறது, கடவுச்சொல் என்ன என்பதை ஒரு நோட்டில் எழுதி, கணக்குப் புத்தகத்தோடு பூட்டி வைக்கவேண்டும். அமைப்புகளின் நகலையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்து இளைஞர்களில் இரண்டு பேர் பெட்டியைத் திறந்து பார்க்கப் பழகியிருந்தால், ஒருவர் வெளியூர் படிக்கப் போனாலும் மற்றவர் இருப்பார்.

மின்தடைக்கு ஒரு யுபிஎஸ் போதும் என்பது பிஓஇ முறையின் இன்னொரு வசதி. பெட்டியும் ரவுட்டரும் பதிவுக் கருவியும் அதில் இருந்தால் எல்லாக் கேமராக்களும் அதில் இருப்பதாகவே பொருள். ஆனால் சிறிய யுபிஎஸ்ஸின் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, அதாவது 84 வாட்-மணி. 100 வாட் சுமைக்கு அது அரை மணி நேரம் தாங்கினால் அதிகம்.

பொருத்தியவரிடம் கடைசித் தவணையைக் கொடுப்பது இரவு எட்டு மணிக்குப் பிறகாக இருக்கட்டும். எல்லாக் கேமராவும் எரிகிறதா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்து, மெயின் சுவிட்சை அணைத்து யுபிஎஸ்ஸில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்து, புதிய கடவுச்சொல்லை நிர்வாகத்தினரே தட்டிப் பார்த்துத் திறந்த பிறகு, ரசீதில் கையெழுத்துப் போடலாம்.