வண்டிக்கு எந்த எண்ணெய்?

எள்ளிலிருந்து வடித்த நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. பின்னர் ஆமணக்கு, புங்கு, இலுப்பை முதலியவற்றின் நெய்யும், நிலத்தடியிலிருந்து எடுக்கும் நெய்யும் அதே பெயரைப் பெற்றன. இன்று வேதியியல் ஆலைகளில் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்து ஆக்கும் எண்ணெயும் வந்துவிட்டது. அதனைச் செயற்கை எண்ணெய், அதாவது சிந்தெடிக் ஆயில் என்கிறோம். 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி வந்தபோது நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டார்கள். கணியம்பாடியிலிருந்து வேலூருக்கும் ஆம்பூருக்கும் அத்தகைய வண்டிகளை ஓட்டும் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. “வழக்கமான எண்ணெயே போதுமா? இரு மடங்கு விலை கொடுத்துச் செயற்கை எண்ணெய் ஊற்ற வேண்டுமா?” என்பதே அது. மாதத் தவணையை அந்த வண்டியின் உழைப்பிலிருந்தே கட்ட வேண்டியவர்களுக்கு இது சிறிய வினா அன்று. ஆகவே இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், எண்ணெயின் தொழில் யாது? மாட்டு வண்டிக் காலத்தில் நம் முன்னோர் வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டி மை என்று அச்சில் தடவினர். அச்சும் குடமும் ஒன்றையொன்று அரிக்காதபடி இடையே ஒரு வழுக்குப் படலம் நின்றது. தோல் தொழிலை அறிந்த நம் வட்டாரத்தாருக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் சொல்லலாம். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டாவிட்டால் அது காய்ந்து விறைத்து வெடித்துவிடும். ஊட்டிய எண்ணெய் தோலின் இழைகளுக்கிடையே புகுந்து அவை நழுவி அசைய இடந்தருகிறது. எஞ்சினிலும் இதே தொழில்தான். ஆயினும் அங்கே சுமை அதிகம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே படலமாய் நிற்க வேண்டும். வெப்பத்தைச் சுமந்து செல்ல வேண்டும். டீசல் எரிவதால் உண்டாகும் கரியைப் படியவிடாமல் தன்னுள் மிதக்கவைக்க வேண்டும். எரிதலில் பிறக்கும் அமிலத்தையும் முறிக்க வேண்டும். எண்ணெய் மாற்றிய சில நாட்களில் கறுத்துப்போனால் அது கெட்டுவிட்டது என்று சிலர் அஞ்சுகின்றனர். டீசல் வண்டியில் எண்ணெய் கறுப்பது அது கரியைச் சுமந்து தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அடையாளமாகும்.

இனி, இருவகை எண்ணெயும் பிறக்கும் வழியைக் காண்போம். வழக்கமான எண்ணெய், கச்சா எண்ணெயைப் பிரித்துத் தூய்மை செய்வதால் கிடைப்பது. சென்னையை அடுத்த மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோல் டீசலோடு இத்தகைய அடிப்படை எண்ணெயையும் ஆக்கி வந்திருக்கிறது. கச்சா எண்ணெய் இயற்கை தந்த கலவை. எத்துணை வடித்தாலும் நீண்ட மூலக்கூறும் குறுகிய மூலக்கூறும் அதில் கலந்தே நிற்கும். மெழுகும் கந்தகமும் சிறிது ஒட்டியிருக்கும். முழுச் செயற்கை எண்ணெயை எத்திலீன் என்னும் எளிய வாயுவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கட்டி எழுப்புகிறார்கள். அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். களத்து மேட்டில் பதரோடு கிடக்கும் நெல்லுக்கும், புடைத்துத் தேர்ந்த அரிசிக்கும் உள்ள வேறுபாடு இது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. கச்சா எண்ணெயின் பகுதியையே மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து, அதன் மூலக்கூறுகளை உடைத்துத் திருத்தி அமைப்பது அது. இதனைச் செயற்கை எண்ணெய் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் இரு பெரு நிறுவனங்களுக்கிடையே வழக்காடல் எழுந்தது. விளம்பரங்களை ஆராயும் அமைப்பு ஒன்று, அவ்வாறு சொல்வது பொருந்தும் என 1999-இல் முடிவு கூறியது. ஆகவே டப்பாவில் ‘சிந்தெடிக்’ என்று கண்டவுடனே அது இன்ன பொருள்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. ‘செமி சிந்தெடிக்’ என்பதிலும் இத்தனை பங்கு செயற்கை எண்ணெய் இருக்க வேண்டுமென்று உலகப் பொதுவான வரையறை இல்லை.

அப்படியாயின் டப்பாவில் எதைப் பார்ப்பது? இரண்டு குறிகளைப் பாருங்கள். ஒன்று, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பன போன்ற எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் குறையக் குறைய, எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய்க்கு உள்ள தடிப்பைக் காட்டும். 15டபிள்யூ எண்ணெய், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலும் எஞ்சினைச் சுழலவிடும். வேலூரில் மார்கழி விடியலில்கூட நீர் உறைவதில்லை. ஆதலின் குளிருக்காக நாம் செயற்கை எண்ணெயைத் தேட வேண்டுவதில்லை.

மற்றது, சி.ஐ.-4, சி.கே.-4 என்பன போன்ற தரக்குறி. இதுவே மிகவும் கருதத்தக்கது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில், புகைக்குழாயில் நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எண்ணெயில் சாம்பலாக எஞ்சும் பொருள்கள் மிகுந்தால் அவ்வடிகட்டி நாளடைவில் அடைபட்டுவிடும்; கரியைப்போல அச்சாம்பலை எரித்துப் போக்கவும் இயலாது. சி.கே.-4 தரத்தில் சாம்பல் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது. அத்தகைய வண்டிக்குத் தகாத தரமுள்ள எண்ணெயை ஊற்றினால், அது எத்துணை விலையுயர்ந்த செயற்கை எண்ணெயாயினும் கேடுதான்.

அவ்வாறானால் செயற்கை எண்ணெயால் பயனே இல்லையா? உண்டு, அது குளிரில் இல்லை, வெப்பத்தில் உண்டு. சித்திரை வைகாசியில் வேலூரின் வெயில் 40 பாகையைத் தாண்டுவது நமக்குப் புதிதன்று. அந்த வெயிலில் பாரம் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைச் சரிவில் ஏறும் வண்டியின் எஞ்சின் எவ்வளவு கொதிக்கும்! வெப்பம் 10 பாகை உயர்ந்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. டர்போ உள்ள வண்டியில் அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதன் சூட்டில் மட்டமான எண்ணெய் கருகிப் படியும். சீரான மூலக்கூறுகளைக் கொண்ட செயற்கை எண்ணெய் இவ்வெப்பத்தை நெடுநேரம் தாங்கும். ஆவியாகிக் குறைவதும் சிறிதே.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டும் கொண்டவை. 5 லிட்டர் எண்ணெய் கொள்ளும் வண்டி. வழக்கமான எண்ணெய் லிட்டர் 350 ரூபாய், செயற்கை எண்ணெய் 700 ரூபாய், வடிகட்டி 400 ரூபாய் என்று கொள்வோம். வழக்கமான எண்ணெயை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் செலவு 2,150 ரூபாய். கிலோமீட்டருக்கு 21½ பைசா. செயற்கை எண்ணெயையும் அதே தூரத்தில் மாற்றினால் 3,900 ரூபாய். கிலோமீட்டருக்கு 39 பைசா. அதனையே 20,000 கிலோமீட்டர் வரை ஓட்ட வண்டிக் கைப்புத்தகம் இடங்கொடுத்தால் 19½ பைசாதான். ஆகவே இலாபமும் நட்டமும் எண்ணெயின் விலையைவிட, மாற்றும் இடைவெளியையே பொறுத்திருக்கின்றன. டீசல் மிச்சமாகாதா என்பீர்கள். மெல்லிய எண்ணெயால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மிச்சமாகலாம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் டீசல் செலவாகும் வண்டியில் அது 6 முதல் 12 பைசா. கூடுதலாகக் கொடுத்த 17½ பைசாவை அது தனியே ஈடு செய்யாது.

பல இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பழைய வண்டியைப் பற்றியும் ஒரு சொல். அதன் இடைவெளிகள் அகன்றிருக்கும். எண்ணெய் கசியும், புகையாகவும் போகும். கசிந்து வீணாவதற்கு விலையுயர்ந்த எண்ணெய் எதற்கு? கைப்புத்தகம் கூறும் தரமுள்ள வழக்கமான எண்ணெயைத் தவறாமல் மாற்றி, வாரந்தோறும் அளவுகோலை இழுத்துப் பார்த்து வருவதே போதும். எண்ணெய் வற்றி ஓடிய ஒரு நாள், பத்தாண்டுப் பாதுகாப்பையும் பாழாக்கிவிடும்.

இறுதியாக, கழித்த எண்ணெய். ஒரு லிட்டர் பழைய எண்ணெய் பத்து லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு நீர் கெடுவதன் துன்பத்தைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2025-இலும் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஆலைகளைக் குறைகூறும் நாம் நம் பட்டறை வாயிலில் கறுத்த எண்ணெயை மண்ணில் ஊற்றலாமா? 2024 ஏப்ரல் முதல், எண்ணெய் ஆக்குவோரே பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. கழித்ததை மூடிய கலத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுப்பது நம் கடமை.

எனவே என் முடிவு இதுதான். புதிய வண்டியா, டர்போவும் வடிகட்டியும் உண்டா, பாரமும் வெயிலும் மலையும் மிகுதியா? கைப்புத்தகம் கூறும் தரத்தில் செயற்கை எண்ணெயை வாங்குங்கள். அதன் விலை வீணாகாது. பழைய வண்டியா, பக்கத்து ஊர்ச் சவாரியா? வழக்கமான எண்ணெயே போதும்; காலந்தவறாமல் மாற்றுங்கள். எதுவாயினும் நம்பகமான கடையில், முத்திரை உடையாத டப்பாவாகப் பார்த்து, இரசீதோடு வாங்குங்கள். எண்ணெயின் பெயரைவிட, ஓட்டுபவரின் கவனமே வண்டிக்கு நீண்ட ஆயுளைத் தரும்.