பூச்செடி ஒன்று வளர்த்த ஆய்வாளர்கள்

வேலியோரம், கோயில் வளவு, வீட்டு முற்றம் என்று இலங்கையில் மஞ்சள் அலரி இல்லாத ஊரைக் காண்பது அரிது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கடல் கடந்து வந்த செடி இது. இதன் நஞ்சு நேரே இதயத்தைத் தாக்கும். பணக்கார நாடுகளின் வைத்தியசாலைகளில் இந்த நஞ்சு உடலில் ஏறிய நோயாளி வருவது அபூர்வம். ஆகவே அங்கே யாரும் இதற்காகப் பெரிய ஆய்வு நடத்தப்போவதில்லை. விடை வேண்டுமானால் இங்கேயே தேட வேண்டும். தேடத் தெரிந்தவர்களையும் இங்கேயே உருவாக்க வேண்டும். கண்டி நகருக்கு அருகே, மகாவலிக் கரையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் அதுதான் நடந்தது.

முதலில், இந்த நஞ்சு எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று பார்ப்போம். நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத் தசைக் கலங்களுக்குள் சோடியம் பாய்கிறது. அடுத்த துடிப்புக்கு முன் அதை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது கலச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நுண்ணிய புரதப் பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும். பிறகு மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. உடலின் எல்லாக் கலங்களிலும் இந்தப் பம்பு உண்டு. நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. ஐந்து கவளம் சோறு உண்டால் ஒரு கவளம் இந்தப் பம்புக்கு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டறிந்தார். அதற்கான நோபல் பரிசு அவரை வந்தடைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

அலரி நஞ்சு இந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. கலத்துக்குள் சோடியம் தேங்குகிறது, அதைத் தொடர்ந்து கல்சியமும் தேங்குகிறது. வெளியே இரத்தத்தில் பொற்றாசியம் ஏறுகிறது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின் சமிக்ஞை தயங்குகிறது. ஈசிஜி தாளில் அந்தத் தயக்கம் தெளிவாகத் தெரியும்: முதல் மேட்டுக்கும் அடுத்த கூர்முனைக்கும் இடையே இடைவெளி நீளும், பிறகு ஒரு துடிப்பே காணாமல் போகும். இதே குடும்பத்து வேதிப்பொருள்தான் 1785இல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் எழுதி விளக்கிய டிஜிட்டாலிஸ் மருந்திலும் இருந்தது. அளவோடு கொடுத்தால் சோர்ந்த இதயத்துக்குத் துணை, மிஞ்சினால் எமன்.

இந்த உறவு ஒரு வழியைத் திறந்தது. டிஜிட்டாலிஸ் மிகுந்துபோனவர்களுக்காக மேலைநாடுகளில் ஏற்கெனவே ஓர் எதிர்மருந்து இருந்தது. செம்மறியாட்டின் உடலில் பிறபொருளெதிரிகளை உண்டாக்கி, அவற்றின் பிடிக்கும் முனையை மட்டும் நறுக்கி எடுத்துச் செய்வது அது. அலரி நஞ்சையும் அந்த முனை பிடிக்குமா? நச்சியல் ஆய்வாளர் மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை வைத்தியர்களும் 66 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இதயத் தாளம் சீரானது. வெற்று மருந்து பெற்ற 32 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. தற்காலிக மின்முடுக்கி பொருத்துவதற்காக நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றிப் பல மணி நேரம் பெரிய நகரத்துக்குக் கொண்டு ஓட வேண்டிய நிலை இதனால் மாறக்கூடும் என்று தெரிந்தது.

பிறகு மருந்தின் விலை ஏறியது. 2002இல் இலங்கைக்கு வரத்து நின்றது, சாவுகள் கூடின. பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி சேனக பிபிலே. அவசியமான மருந்து, கட்டுப்படியாகும் விலை என்பதற்காக வாழ்ந்தவர். அவரது பீடத்தில் படித்தவர்களுக்கு விலையும் ஓர் அறிவியல் கேள்வி என்பது புதிதாக இருந்திருக்காது. எல்லா வைத்தியசாலையிலும் கிடைக்கக்கூடிய, மலிவான ஏதாவது இதே வேலையைச் செய்யுமா?

ஒரு விடை கரி. செயலூட்டப்பட்ட மருத்துவக் கரித்தூளைச் சொல்கிறேன். அலரி நஞ்சு குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய், மீண்டும் குடலுக்குத் திரும்பும் இயல்புடையது. கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பிடிபடும் என்பது கணக்கு. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித த சில்வாவும் தோழர்களும் 401 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2003இல் வந்த முடிவு அசத்தியது: ஒருமுறை மட்டும் கரி பெற்ற குழுவில் 16 சாவுகள், பலமுறை பெற்ற குழுவில் 5.

ஆனால் 2008இல் எடில்ஸ்டன் குழு மூன்று வைத்தியசாலைகளில் 4632 விஷ நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. பலமுறை கரி பெற்றவர்களில் 6.3 வீதம் பேரும், கரியே பெறாதவர்களில் 6.8 வீதம் பேரும் இறந்திருந்தார்கள். 40 கட்டில் வார்டு ஒன்று ஐந்து முறை நிறைந்து காலியானால் ஒரே ஓர் உயிர் வித்தியாசம். அதுவும் தற்செயலாக இருக்கலாம். அலரி நோயாளிகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் தெளிவான பயன் தென்படவில்லை. இரண்டு சோதனைகளிலும் கரி கொடுத்த முறையும் அளவும் ஒன்றல்ல என்பதால் விவாதம் அதோடு தீர்ந்துவிடவில்லை.

இதய ஆய்வாளர் ஒருவரைப் பயிற்றுவதில் மிகக் கடினமான பாடம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருபது ஆண்டு அனுபவமுள்ள வைத்தியரின் கண்ணுக்கும் இருநூறில் ஒன்று தெரியாது. அவர் பிழைத்தவரை நினைவில் வைத்திருப்பார், இறந்தவருக்கு வேறு காரணம் சொல்வார். அதில் வஞ்சனை ஏதும் கிடையாது. மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. எனவே எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியர் தீர்மானிக்காமல் எழுமாற்று முறைக்கு, அதாவது முன்கூட்டி அறிய முடியாத குலுக்கலுக்கு, விட்டுவிடுகிறார்கள். எத்தனை பேர் தேவை என்பதை முதல் நோயாளி வருவதற்கு முன்பே கணக்கிடுகிறார்கள். தன் நம்பிக்கையைத் தானே சோதனைக்கு ஒப்படைக்கும் பழக்கம் புத்தகத்தால் வராது, கட்டிலருகே நின்றுதான் வரும்.

கட்டிலருகே நிற்பது யார்? 2004இல் பேராதனையைத் தளமாகக்கொண்டு தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதற்கு ஓர் அழகான விடை கிடைத்தது. இலங்கையில் மருத்துவ மாணவர்கள் இறுதிப் பரீட்சை முடித்த பின் உள்ளகப் பயிற்சி கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்த இளைஞர்களை ஆய்வு உதவியாளர்களாக வார்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளி வந்த நேரம், நாடித்துடிப்பு, ஈசிஜி, இரத்த மாதிரி என எல்லாம் எல்லா வைத்தியசாலையிலும் ஒரே படிவத்தில், ஒரே முறையில் பதிவாயின. வீணாகப்போன காத்திருப்பு ஒரு பள்ளிக்கூடமானது. விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாமல், நேரம் தவறாத பதிவேட்டை வைத்தே உலகத் தரமான தரவு திரட்டலாம் என்பதை இது காட்டியது.

அவர்கள் கற்றதில் சம்மதம் பெறுவதும் ஒன்று. வருபவர்களில் பலர் இளையவர்கள். மன உளைச்சல் மிக்க ஒரு கணத்தைக் கடந்து வருபவர்கள். மீண்டு வீடு போய்ச் சேர அக்கறையும் ஆறுதலும் தேவைப்படுபவர்கள். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருபவர் தமிழிலும், அடுத்த கிராமத்தவர் சிங்களத்திலும் கேட்டுப் புரிந்து, மறுக்கவும் உரிமை உண்டென்று அறிந்த பிறகே ஆய்வில் சேர வேண்டும். புரியாத மொழியில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

இந்தப் பள்ளியிலிருந்து சொந்தக் கேள்விகளும் பிறந்தன. பேராதனையின் இந்திக கவரம்மான குழு, ஃபிரக்டோஸ் டைபொஸ்பேட் என்ற சர்க்கரை வகைப் பொருளை மலிவான எதிர்மருந்தாகச் சோதிக்கும் திட்டத்தை 2010இல் வெளியிட்டது. அலரி நஞ்சூட்டப்பட்ட நாய்களில் அது பலன் தந்திருந்ததே அதற்கான தூண்டுதல்.

நஞ்சில் பழகிய கை வேறிடத்திலும் உதவியது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு நடுமட்டமாக 53 வயதில் வருகிறது. பிற நாட்டவரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாக. உயர் இரத்த அழுத்தம் மாரடைப்புக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. கரிச் சோதனையை நடத்திய அதே அசித த சில்வா, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 11 இலங்கை வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே வில்லையாக்கிக் கொடுத்துப் பார்த்தார். 2018இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 55 பேரின் அழுத்தம் இலக்குக்கு இறங்கியிருந்தது. அந்த ஒற்றை வில்லையில் 70 பேருக்கு இறங்கியிருந்தது. இந்தப் பதினைந்து பேர் வித்தியாசமும் குலுக்கிப் பிரித்து எண்ணியதால்தான் தெரிந்தது.