65 மைலில் வரும் நடுக்கம்

நம் சபை வாலிபரில் பலருக்கு முதல் வண்டி ஷோரூமிலிருந்து வருவதில்லை. அப்பா பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய, ஒன்றரை லட்சம் மைல் தாண்டிய எஸ்.யு.வி.தான் மகனுக்கோ மகளுக்கோ கல்லூரிக்குப் போகக் கிடைக்கிறது. நல்ல வண்டிதான், ரிட்ரீட்டுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் ஒருநாள் ஹைவேயில் 65 மைலைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கும். 55-க்கு இறங்கினால் நின்றுவிடும். "பழைய வண்டிப்பா, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.

நான் நர்ஸ், மெக்கானிக் அல்ல. ஆனாலும் இந்த நடுக்கத்தை விசாரிக்கும் முறை எங்கள் வேலைக்கு மிக நெருக்கமானது. "நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று ஒருவர் வந்தால் உடனே மருந்தைத் தேடமாட்டோம். எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று கேட்போம். வண்டியையும் அப்படியே கேட்கலாம். பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், தேவையில்லாத பாகங்களை மாற்றிப் பணம் கட்டுவது பெரும்பாலும் மிச்சம்.

முதலில் வேகம். பழைய எஸ்.யு.வி.யின் டயர் சுமார் 29 அங்குல உயரம். 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முறை சுற்றுகிறது. சக்கர விளிம்பில் ஒட்டியிருக்கும் 30 கிராம் எடைத் துண்டு ஒன்று எங்கோ விழுந்துவிட்டது என்று வையுங்கள். அந்த வேகத்தில் அந்தச் சிறு குறை ஒவ்வொரு சுற்றிலும் சுமார் மூன்று கிலோ பலத்தோடு சக்கரத்தை இழுக்கும். வேகம் இருமடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் தெருவில் அமைதியாக இருக்கும் வண்டி ஹைவேயில் மட்டும் உதறுகிறது. 55-க்கும் 70-க்கும் நடுவில் வந்து, அதற்கு மேல் சற்றுக் குறைந்தால் முதல் சந்தேகம் வீல் பாலன்ஸிங் மேல்தான். குறைந்த வேகத்திலேயே தொடங்கி வேகத்தோடு கூடிக்கொண்டே போனால் வளைந்த ரிம், அல்லது வட்டம் கெட்ட டயர்.

இடமும் முக்கியம். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டதும் நடுக்கமும் இடம் மாறினால் குற்றவாளி பிடிபட்டது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பாலன்ஸிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம், அது பிரேக் ரோட்டார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடேறும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் ஆக்ஸில் ஜாயிண்ட்டையோ டிரைவ் ஷாஃப்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய எஸ்.யு.வி.களில் இது சாதாரணம். அதே வேகத்தில் கியரை ஒன்று குறைத்து, இன்ஜின் சுற்று கூடியதும் அதிர்வும் மாறினால் சக்கரத்தை விட்டுவிட்டு இன்ஜின் பக்கம் போகவேண்டும்.

எப்போதிலிருந்து? நம்மவர்களிடம் இந்தக் கேள்விக்கு அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: "ஊருக்குப் போயிட்டு வந்ததிலிருந்து." இரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர், தரையைத் தொட்ட பக்கம் சற்றுத் தட்டையாகிவிடும். பத்து இருபது மைல் ஓடிச் சூடேறினால் பல நேரம் தானாகச் சரியாகும். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு வேறொன்று: பனிப்பொழிவுக்கு மறுநாள் ரிம்முக்குள் உறைந்து ஒட்டியிருக்கும் பனியே சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்துவிடும். தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும்.

கடைகளில் முதலில் "அலைன்மெண்ட் செய்யலாமா?" என்று கேட்பது வழக்கம். அலைன்மெண்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். அது மட்டுமே ஹைவே நடுக்கத்துக்குக் காரணமாவது அபூர்வம். பாலன்ஸிங் செய்தும் நடுக்கம் போகவில்லையென்றால், டயரின் மேல் உருளையை அழுத்திச் சோதிக்கும் ரோட் ஃபோர்ஸ் பாலன்ஸிங் எந்தக் கடையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். சாதாரண இயந்திரத்துக்குத் தெரியாத டயர்க் கோணல் அதில் தெரியும்.

இவையெல்லாம் வரிசையில் காத்திருக்கக்கூடிய நோயாளிகள். காத்திருக்க முடியாத ஒன்றும் உண்டு. டயருக்குள் இரும்புக் கம்பி வலைப்பட்டை இரண்டு அடுக்காக ரப்பரில் ஒட்டியிருக்கும். அந்த அடுக்குகள் பிரியத் தொடங்கினாலும் முதல் அறிகுறி இதே நடுக்கமாக இருக்கலாம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டெக்சாஸில் இருக்கும் நமக்கு ஹூஸ்டனின் வரலாறே சொல்லும்.

1998 ஜூலையில் ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸின் ஆய்வாளர் சாம் பாய்டன், ஃபயர்ஸ்டோன் ஏ.டி.எக்ஸ் டயர்கள் பிய்ந்துபோன 21 சம்பவங்களைச் சேர்த்து மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு எழுதினார். அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வெறும் விபத்து. ஒரே சார்ட்டில் எழுதினால்தான் நோய் தெரியும். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1999-இல் சவூதி அரேபியாவில் ஃபோர்டு இந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஓடியவை அப்படியே ஓடின. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டனின் கே.எச்.ஓ.யு தொலைக்காட்சியில் ஆனா வெர்னர் இதைச் செய்தியாக்கியதும், "எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது" என்று மக்கள் அழைக்க ஆரம்பித்தார்கள். மே மாதம் அரசு விசாரணை, ஆகஸ்ட் 9 அன்று 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு. அமெரிக்காவில் மட்டும் 271 மரணங்கள் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஓட்டத்தில் டயரின் மேல்பட்டை உரிந்து, உயரமான வண்டி கட்டுப்பாடிழந்து கவிழ்வதே அவற்றில் பலவற்றின் கதை.

வெயிலும் காற்றழுத்தமும் இதில் பங்குள்ளவை. பாதிப்புகள் டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்தன. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. மட்டுமே, ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 வேண்டும் என்றது. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிப் பிரிந்தன. எது எப்படியோ, காற்றுக் குறைந்த டயர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடு ஒட்டைத் தளர்த்தும். இது எல்லா டயருக்கும் பொருந்தும்.

அந்த 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த சட்டத்தால்தான் இன்றைய வண்டிகளில் டயர் அழுத்த விளக்கு இருக்கிறது. 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான எல்லாக் கார், எஸ்.யு.வி.களிலும் அது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியில் இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகே எரியும்படிதான் விதி.

வேறு யாராவது பார்த்துச் சொல்வார்களா? நம் சபை மக்கள் அதிகம் வாழும் மூன்று இடங்களிலும் இல்லை. நியூ ஜெர்சியில் சொந்த வண்டிகளின் பாகங்களைச் சோதிப்பது 2010-இலேயே நின்றது, புகைச் சோதனை மட்டும்தான். கலிபோர்னியாவிலும் கேட்பது புகைச் சான்றிதழே. டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் பாதுகாப்புச் சோதனை கிடையாது. கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் டயரை வீட்டில் யாரும் குனிந்து பார்க்காவிட்டால் யாருமே பார்ப்பதில்லை.

ஆகவே தம்பி, தங்கச்சி, இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் "ரிட்ரீட் முடியட்டும்" என்று தள்ளாதீர்கள். நேற்றுவரை இல்லாத நடுக்கம் திடீரென்று வருவது. நாளுக்கு நாள் கூடுவது. பார்க்கிங் லாட்டில் மெதுவாகப் போகும்போதே "தொப் தொப்" என்று தட்டுவது. டயரில் கைக்குத் தட்டுப்படும் புடைப்பு. சக்கரம் கழற்றி மாட்டிய மறுநாளே ஆட்டம் கண்டால் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஓட்டத்தில் பட்டை உரிந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டவும் கூடாது. இரு கைகளாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்டுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது பத்து நிமிட வேலை. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். சரியான அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கிறது, டயரின் பக்கத்தில் இருப்பது உச்ச வரம்பு. டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2316 என்றால் 2016-இன் 23-ஆம் வாரம். சில கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன, பூவில் எவ்வளவு ஆழம் மிச்சமிருந்தாலும் சரி. மத்திய நிறுவனத்தின் தளத்தில் 17 எழுத்து வின் எண்ணைக் கொடுத்தால் வண்டியின் ரீகால் தெரியும். டயரின் ரீகாலைத் தனியாகப் பார்க்கவேண்டும், அதற்குத்தான் அந்த டி.ஓ.டி. எண்.

அப்படியே வண்டியின் பின்புறம் குனிந்து, அடியில் தொங்கும் ஸ்பேர் டயரின் எண்ணையும் படியுங்கள். பழைய எஸ்.யு.வி.களில் பல நேரம் அது வண்டியோடு வந்த முதல் டயராகவே இருக்கும்.