சிறுபாணாற்றுப்படையின் பட்டினமும் மரக்காணக் கடற்கரையும்: ஊர்ப்பெயர், உணவு, உப்பு

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்த மரக்காணம் இன்று உப்பளங்களால் அறியப்படும் ஊராகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இருபுறமும் பாத்தி பாத்தியாக வெண்மை படர்ந்த நிலத்தையும், கரையோரம் உலரும் கருவாட்டையும், அப்பால் கழுவேலி நீர்ப்பரப்பையும் காண்பர். இவ்வூரே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பது ஆய்வாளரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இதன் வழியாக, மரக்காணத்து உப்புத்தொழிலுக்கும் சங்க இலக்கியச் சான்று உண்டு என்னும் எண்ணமும் எழுகிறது. எயிற்பட்டினத்தை மரக்காணமாக இனங்காண்பதற்கு உரிய சான்றுகள் எவை, அவற்றுள் உப்பு இடம்பெறுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நூலும் நிலமும்

சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டுள் ஒன்று. 269 அடிகளைக் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இன்றும் வழங்குகிறது. ஓய்மானாடு என்னும் பெயர் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓய்மாநாடு எனத் தொடர்கிறது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதியாகும். எனவே புலவரின் நாடும் புரவலனின் தலைநகரும் அருகருகே அமைந்தவை. புலவர் தாம் அறிந்த நிலத்தின் வழியையே பாணனுக்குக் காட்டுகிறார் எனக் கொள்ள இடமுண்டு.

அவ்வழியில் மூன்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. முதலாவது நெய்தல் நிலத்துப் பட்டினம். இரண்டாவது முல்லை நிலம் சூழ்ந்த வேலூர். மூன்றாவது மருத நிலத்து ஆமூர். ஆமூரைக் கடந்தால் நல்லியக்கோடனின் ஊர் தொலைவில் இல்லை என்கிறது நூல். கடலிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் வழி இது.

பெயர் கூறப்படாத பட்டினம்

வேலூரையும் ஆமூரையும் நூல் பெயர் சுட்டிக் கூறுகிறது. கடற்கரை ஊரை மட்டும் மதிலோடு தொடர்புடைய பெயரைக் கொண்ட பட்டினம் என்று குறிப்பாகச் சுட்டுகிறது. எயிற்பட்டினம் என்பது அக்குறிப்பிலிருந்து பெறப்பட்ட பெயரே. மூலத்தில் அது அவ்வாறே இடம்பெறவில்லை. எயில் என்பது மதிலைக் குறிக்கும் சொல்லாதலின் இது பொருத்தமான விளக்கமாகும்.

இவ்விடத்தில் கிரேக்கப் பயண நூல் ஒன்று துணைக்கு வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் எரித்திரியக் கடற்செலவு நூல் சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைமுகங்களை வரிசைப்படுத்துகிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் எனவும், பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு எனவும் கொள்ளப்படுகின்றன. வரிசை தெற்கிலிருந்து வடக்கே செல்வதாயின் சோபட்மா அரிக்கமேட்டுக்கு வடக்கே அமைதல் வேண்டும். சோ என்னும் தமிழ்ச் சொல்லும் மதிலையும் அரணையும் குறிக்கும். ஆகவே சோபட்மா என்பது சோப்பட்டினம் என்பதன் திரிபு எனவும், சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஒரே பொருளுடைய ஒரே ஊரின் பெயர்கள் எனவும் அறிஞர் கருதினர்.

இக்கருத்தில் மூன்று படிகள் உள்ளன. மூலம் குறிப்பால் சுட்டும் ஊர் எயிற்பட்டினம் என்பது முதற்படி. எயிற்பட்டினமே சோபட்மா என்பது இரண்டாம் படி. அது மரக்காணம் என்பது மூன்றாம் படி. முதற்படி சொற்பொருளின் துணையால் உறுதியாக நிற்கிறது. இரண்டாவது பொருள் ஒற்றுமையையும் துறைமுக வரிசையையும் சார்ந்தது. மூன்றாவது வழியின் அமைப்பைச் சார்ந்தது. மூன்றும் ஒரே வலிமையுடையன அல்ல என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் படிக்கு வலுவூட்டும் அகச்சான்று ஒன்று நூலிலேயே உண்டு. பட்டினத்துக்குச் செல்லும் பாணர் அங்குக் கிடங்கிற் கோமானையே பாடுகின்றனர். கடற்கரைப் பரதவரிடையே உள்நாட்டுக் கிடங்கில் தலைவனின் புகழ் பாடப்படுவது அப்பட்டினம் அவன் ஆட்சிக்கு உட்பட்டது என்பதைக் காட்டும். திண்டிவனத்துக்குக் கிழக்கேயுள்ள கடற்கரையில் அதனைத் தேடுவது இதனால் பொருத்தமாகிறது. வேலூரை உப்புவேலூராகக் கொள்ளும் கருத்தும் இந்நிலப்பரப்புக்குள்ளேயே அடங்கும்.

உணவு காட்டும் நிலம்

ஆற்றுப்படை வழி கூறும் நூல். அவ்வழியில் எங்கு என்ன உணவு கிடைக்கும் என்பதையும் கூறுகிறது. பட்டினத்தில் பழைய தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கின்றன. அலை கொணர்ந்த மணமுடைய மரத்தை விறகாக்கி நுளைமகள் தீ மூட்டுகிறாள். அவள் அரித்த தேறலைப் பரதவர் வந்தவர்க்கு ஊட்டுகின்றனர். கரையில் கிடக்கும் அம்மரங்கள் துயிலும் ஒட்டகங்களுக்கு உவமிக்கப்படுகின்றன. குழல்மீன் ‘வறல்’ என்னும் அடையைப் பெறுவதால் அது உலர்ந்த மீன் என்பது தெளிவு. உலர்த்திய மீனைச் சுட்டு உண்ணும் வழக்கம் இக்கடற்கரைக்குப் புதிதன்று.

வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு ஆமான் சூட்டோடு கிடைக்கிறது. ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் தன் மக்களைக் கொண்டு வருவோரைத் தடுத்து நிறுத்தி, நன்கு குற்றிய அரிசியின் வெண்சோற்றை நண்டின் கலவையோடு அளிக்கிறாள். நண்டு கடற்கரையில் கூறப்படாமல் மருதத்தில் கூறப்படுவது கருதத்தக்கது. இன்றைய பயணி கடலுணவாக எண்ணும் நண்டு இந்நூலில் வயல் சார்ந்த உணவாகிறது. உணவைக் கொண்டே நிலம் மாறியதைப் பாணன் அறியலாம். மூன்றிடத்தும் விலை என்பது இல்லை. பாட்டும் கூத்துமே பாணர் தருவன.

உப்பின் இன்மை

பட்டினப் பகுதியில் தாழை, செருந்தி, முண்டகம், புன்னை ஆகியன பேசப்படுகின்றன. கடல் உலாவும் வெண்மணலும் நீர்நிலையும் பேசப்படுகின்றன. உப்பு பேசப்படவில்லை. உப்பு விளைவிப்போரும் இல்லை, உமணரும் இல்லை.

புலவர் உப்பு வாணிகத்தை அறியாதவர் அல்லர். அதே நூலின் முற்பகுதியில் கொற்கையைக் கூறுமிடத்து உமணரின் வண்டி வரிசை வருகிறது. அவ்வண்டிகளோடு வந்த மந்தி உமணர் புதல்வரோடு கூடி, கிளிஞ்சலுள் முத்தை இட்டுக் கிலுகிலி ஆடுகிறது. பட்டினப்பாலையும் உப்பை விற்று நெல்லொடு வந்த படகுகளைக் காட்டுகிறது. உப்பு நெய்தலின் கருப்பொருள்களோடு இயல்பாக இணையும் பொருளாக இருந்தும், தம் நாட்டுப் பட்டினத்தைப் பாடும்போது நத்தத்தனார் அதனைக் கூறவில்லை.

இதனால் அக்காலத்து மரக்காணத்தில் உப்பு விளையவில்லை என முடிவு செய்தல் இயலாது. கூறாமை இன்மைக்குச் சான்றாகாது. ஆயினும், உப்பளம் இன்று உள்ளது என்பதைக் கொண்டு எயிற்பட்டினத்தை இனங்காண்பதும், பின்னர் எயிற்பட்டினத்தைக் கொண்டு உப்பளத்துக்கு ஈராயிரம் ஆண்டுத் தொன்மை கற்பிப்பதும் வட்டமாகச் சுழலும் வாதமாகும். உலர்ந்த குழல்மீனைக் கொண்டு உப்பை ஊகிப்பதும் பொருந்தாது. மீனை வெயிலில் உலர்த்தவும் இயலும்.

பிற்கால அடுக்குகள்

மரக்காணத்து நிலம் பல காலங்களின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பளத்தைக் குறிக்கும் அளம் என்னும் சொல் கல்வெட்டு வழக்கிலும் உண்டு; உப்புத்தொழிலின் தொன்மையை இத்தகைய சான்றுகளிலிருந்தே தேடுதல் வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையாக மரக்காணம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டு கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள பிரம்மதேசம் மற்றோர் அடுக்கைக் காட்டுகிறது. பிரமதேயம் என்னும் நிலக்கொடை முறையை நினைவூட்டும் இப்பெயர் தமிழகத்தில் வேறு ஊர்களுக்கும் உண்டு. பட்டினத்திலிருந்து கிடங்கில் செல்லும் பாணன் வழியில் இத்தகைய பெயருக்கு இடமில்லை. இன்றைய சாலையைப் பாணன் நடந்த வழியாகக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்வூர்ப்பெயர் ஓர் எச்சரிக்கையாக அமைகிறது.

முடிவுரை

எயிற்பட்டினத்தை மரக்காணமாகக் கொள்ளும் கருத்து ஊர்ப்பெயரின் பொருள், துறைமுக வரிசை, கிடங்கில் தலைவனின் ஆட்சி எல்லை, நிலங்களின் முறைவைப்பு ஆகிய நான்கையும் சார்ந்து நிற்கிறது. உப்பு அதற்குச் சான்றாக உதவாது. மரக்காணத்து உப்பளத் தொழிலாளரின் உழைப்புக்குப் பெருமை சேர்க்க இலக்கியத்தில் இல்லாததை ஏற்றிக் கூற வேண்டியதில்லை. நூல் அக்கரைக்கு உண்மையில் அளிப்பவை வேறு: புன்னையும் தாழையும் நின்ற மணற்பரப்பு, அலை ஒதுக்கிய மரத்தில் மூட்டிய தீ, வந்தவர்க்கு மீனும் தேறலும் அளித்த பரதவர் குடி. இவற்றை உள்ளவாறே பதிவு செய்வதே இலக்கியச் சான்றை வரலாற்றுக்குப் பயன்படுத்தும் முறையாகும்.