பாக்குத் தோப்பும் பேய்க்காற்றும்

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிக் கிழக்கே செல்லும் சாலையில், வாழப்பாடியை நெருங்கும்போது, வாழைகளுக்கு மேலே மெல்லிய தண்டுகளை உயர்த்தி வரிசை வரிசையாய் நிற்கும் பாக்கு மரங்களைப் பார்த்து மகிழாத பிரயாணி இரார். தோப்புக்கு உடையவரோ, சித்திரை பிறந்ததும், பிற்பகல்தோறும் வானத்தை அண்ணாந்து நோக்கி, மழை வேண்டும் என்றும் காற்று வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் பிரார்த்தித்துக்கொண்டிருப்பார்.

அவர் அஞ்சும் காற்றுக்குப் பத்திரிகைகள் சூறாவளி என்று பெயரிடுகின்றன. ஊரார் பேய்க்காத்து என்கிறார்கள். ஊரார் சொல்லே ஒருவிதத்தில் உத்தமம், ஏனெனில் அது சுழன்று வந்ததென்று சாதிப்பதில்லை. கோடையில் நிலம் பகலெல்லாம் காய்ந்து, வெப்பக் காற்று மேலெழுந்து, கடற்பக்கத்து ஈரமும் சேர்ந்து, நாலைந்து மணிக்குள் இடிமேகம் மலைபோல் திரண்டுவிடுகிறது. அதிலிருந்து இறங்கும் மழைத்துளிகள் கீழேயுள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகி, அக்காற்றைக் குளிரவைத்துக் கனக்கச் செய்ய, அது தரையில் விழுந்து நாற்புறமும் சீறிப் பாய்கிறது. மழைக்கு முன் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று அதுவே. வேகம் மிகுந்தால் தோப்புகளை முறிப்பதும் அதுவே.

மெய்யான சுழற்காற்று வேறு. மேகத்திலிருந்து தும்பிக்கைபோல் இறங்கித் தரையைத் தொடும் அது, 1989 ஏப்ரலில் வங்காள தேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,300 பேரை மாய்த்தது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில், சில நிமிஷங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளைச் சிதைத்தது. தமிழ்நாட்டில் அது அபூர்வம்.

இரண்டில் எது வந்ததென்று, காற்று போன பிறகு, விழுந்த மரங்களே சாட்சி சொல்லும். ஜப்பானியரான தெட்சுயா புஜிதா, 1945இல் நாகசாகியில் அணுகுண்டு வெடித்த இடத்தைச் சுற்றி மரங்கள் நட்சத்திரக் கதிர்போல் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததைக் கண்டவர். பல்லாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில், சுழற்காற்றின் சேதத்தை ஆராயப் புகுந்து, அதே கதிர்க் கோலத்தைக் காடுகளில் கண்டபோது, சுழலாமல் மேலிருந்து விழும் காற்றும் இத்தகைய நாசத்தைச் செய்யும் என்று நிரூபித்தார். மரங்கள் ஒரே திசையிலோ விரிந்தோ கிடந்தால் வீழ்காற்று. குறுகிய பாதையில் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தாறுமாறாய்க் கிடந்தால் சுழற்காற்று.

எதுவாயினும் பாக்கு மரத்துக்கு ஒன்றுதான். அதற்குக் கிளையில்லை, உச்சியிலிருக்கும் ஒரே குருத்துதான் ஜீவன். தலை ஒடிந்த மரம் மறுபடி துளிர்ப்பதில்லை. வாழை சாய்ந்தால் ஓராண்டு உழைப்பு போயிற்று, காய்த் தாரையாவது கறிக்கு விற்கலாம். பாக்கோ முதற்காய் காணவே ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும். நஷ்டம் அன்றோடும் நிற்பதில்லை. மரத்துக்கு மரம் தாவியே பாக்குப் பறிப்பவர், இடையில் நாலு மரம் போனால் இறங்கி ஏற வேண்டியவராகிறார். நிழலிழந்த அண்டை மரங்களின் தண்டில் மேற்கு வெயில் பட்டு வெடிப்பு கண்டு, நின்ற மரமும் இரண்டு மூன்று வருஷத்தில் பலவீனப்பட்டு அடுத்த காற்றுக்குப் பலியாகும். வடகிழக்குப் பருவத்துப் புயலுக்காவது வானொலி எச்சரிக்கை உண்டு. இதற்குப் பெரும்பாலும் இடியோசைதான் முன்னறிவிப்பு.

நிவாரணம் இல்லாமலில்லை. 2022 முதல் 2026 வரைக்கென மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேதமான பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைக்குமே. இரண்டே முக்கால் மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஹெக்டேருக்குச் சுமார் 1,300 மரங்கள் நிற்கும். வகுத்துப் பார்த்தால் மரமொன்றுக்குப் பதினேழு ரூபாய் சொச்சம். சென்ற ஆண்டு நட்ட கன்றுக்கும் இருபதாண்டு காய்த்த மரத்துக்கும் அதே பதினேழு ரூபாய்தான்.

கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை அலுவலரும் தோப்புக்குள் நின்று எழுதும் கணக்கில், பரப்புக்குப் பக்கத்தில் மரத்தின் வயதுக்கும் ஒரு கட்டம் போடுமாறு அரசாங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.